ஜப்பான்காரியின் டயர் செருப்பு

தனுஷ்கோடியின் பாடையில் கிடந்த மாலையை அவருடைய குதிரையே தின்றது. ஊரே பார்த்துக்கொண்டு நிற்கும்போது நடந்தது. பாடையைத் தயாராக வைத்துவிட்டு, முன்பக்கம் யார் தோள் கொடுப்பது என்று அவரோடு குதிரைவண்டி ஓட்டிய ஜட்காக்காரர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஸ்டாண்டில் யார் வண்டி முதலில் நிற்பது என்று காலங்காலமாகப் போடுகிற அதே சண்டை, அதே கெட்ட வார்த்தைகள். அந்த இடைவெளியில் குதிரை பின்பக்கமாக வந்து, தலைமாட்டில் கிடந்த செவ்வந்தி மாலையை இழுத்துப் பாதி தின்று முடித்திருந்தது. அது வந்தது யாருக்கும் கேட்கவில்லை. அதன் காலில் இரும்பு கிடையாது.

அவர் மனைவி சுப்பம்மாள் அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"தின்னு மூதேவி, நல்லாத் தின்னு. உசுரோட இருந்தப்ப எனக்கு ஒரு முழம் பூ வாங்கித் தரல. செத்த பொறவு ஒனக்கு மால போட்டுட்டாரு."

மாரடித்துக்கொண்டிருந்த பெண்கள் சிலர் சிரித்துவிட்டார்கள். சிரித்ததற்குச் சேர்த்து இன்னும் சத்தமாக அழுதார்கள்.

செத்தவரைப் பற்றி நல்ல வார்த்தை நாலு எழுதலாம் என்று பார்த்தால் ஒன்றும் தேறவில்லை. அவர் பொய் சொல்வார். வண்டியில் ஏறியவர்களிடம் ஊர்க் கதை பேசி, இறங்கியதும் அவர்களுடைய கதையை அடுத்து ஏறுகிறவர்களிடம் பேசுவார். அவருடைய வலது காதில் மேல்பாதி கிடையாது. ஆபீஸ் உத்தியோகஸ்தர்கள் கேட்டால் வெள்ளைக்கார துரையோடு மல்லுக்கட்டியதில் போனது என்பார். பெண்கள் கேட்டால் சிறுத்தை. உண்மையில் அதைக் கடித்தது அவருடைய குதிரை. வாங்கிய அன்றே கடித்தது. அதற்காக அவர் அதை விற்கவும் இல்லை, அடிக்கவும் இல்லை. மீதிக் காதைத் தூர வைத்துக்கொண்டு பழகினார்.

குதிரைக்கு முதலில் ஏதோ லட்சணமான பெயர் இருந்தது. நாற்பத்திரண்டில், ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று மெட்ராஸ் காலியானபோது, முன்னறிவிப்பு இல்லாமல் தாக்குகிற ஜாதி என்று அதற்கு 'ஜப்பான்காரி' என்று பெயர் மாற்றினார். போலீஸ்காரர் ஒருவர் இதைக் கேள்விப்பட்டு, சண்டை நேரத்தில் எதிரியின் பெயரை வைக்கக்கூடாது, மாற்று என்றார். தனுஷ்கோடி அங்கேயே 'சமாதானம்' என்று மாற்றினார். சமாதானம் போலீஸ்காரரின் தோளைக் கடித்தது. பிறகு ஜப்பான்காரி என்பதே நிலைத்துவிட்டது.

ஜட்காவுக்கு அது நல்ல காலம். பெட்ரோல் கிடையாது. எங்கள் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் போகிற பஸ், முதுகில் ஒரு அடுப்பைக் கட்டிக்கொண்டு கரிப்புகையில் ஓடியது. மேடு வந்தால் எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும். வெள்ளை வேட்டியில் ஏறியவன் திருச்சுழியில் இறங்கும்போது அவன் பெண்டாட்டிக்கே அடையாளம் தெரியாது. தனுஷ்கோடி அந்த பஸ்ஸைத் தாண்டும்போதெல்லாம் வண்டியை மெதுவாக்கி, "என்னய்யா, வட வெந்திருச்சா?" என்று விசாரித்துவிட்டுப் போவார்.

ஆனால் பெட்ரோலைக் கொண்டுபோன சண்டை இரும்பையும் கொண்டுபோனது. எங்கள் ஊரில் குதிரைக்கு லாடம் அடிப்பவர் மஸ்தான் ராவுத்தர். வண்டிப்பேட்டைப் புளியமரத்தடியில் அவர் உலை. நல்ல இரும்பு கிடைக்காமல் பீப்பாய் வளையத்தில் லாடம் அடித்தார். பிறகு ஓட்டை வாளி, உடைந்த கலப்பைக் கொழு. யாருடைய ஜன்னல் கம்பியோ ஒன்றும் உலைக்குள் போனது. லாடத்தையாவது எப்படியோ ஒப்பேற்றிவிடலாம், ஆணிதான் கஷ்டம். கம்பியை வெட்டி அவர் செய்த ஆணி, பாதி இறங்கியதும் வளைந்து, குளம்பைப் பக்கவாட்டில் பிளந்துகொண்டு வெளியே எட்டிப் பார்த்தது. மார்கழியில் ஜப்பான்காரியின் முன்னங்கால் இரண்டிலும் குளம்பு வெடித்துவிட்டது. பின்னங்கால் லாடம் அதற்கு முன்பே கழன்று போயிருந்தது, அந்தக் குளம்புகள் வெறுமனே தாங்கின.

ராவுத்தர் காலைத் தூக்கி மடியில் வைத்துப் பார்த்தார்.

"தனுஷ்கோடி, நான் சொல்றதக் கேளு. இதுல இனிமே ஆணி நிக்காது. கரையான் அரிச்ச கதவாட்டம் இருக்கு. குளம்பு வளந்து எறங்கட்டும். ஒரு வருசம் சும்மா விடு."

"வருசமா? அதுவரைக்கும் வண்டிய நானா இழுக்க?"

"இழுத்துப் பாரேன். கடிக்காத பிராணி ஒண்ணு பூட்டுனாப்புல இருக்கும்."

கரிசல் மண்ணில் ஜப்பான்காரி வெறுங்காலோடு நடந்தாள். ரோட்டில் முடியவில்லை. திருச்சுழி ரோடு அப்போது கப்பிக்கல் ரோடு. ஒவ்வொரு கல்லும் முனையை மேலே காட்டிக்கொண்டு கிடக்கும். பத்தடி போனதும் தலையை ஆட்டி ஆட்டி நொண்டினாள்.

அந்த நொண்டல்தான் வம்பு. வருஷா வருஷம் மாசி பிறந்ததும் பஞ்சாயத்து போர்டு ஆபீஸ் வாசலில் வண்டிப் பரிசோதனை நடக்கும். இன்ஸ்பெக்டர் முன்னால் குதிரையை நடத்திக் காட்ட வேண்டும். நொண்டினால் லைசென்ஸ் கிடையாது. லைசென்ஸ் போன குதிரைகளுக்கென்று விருதுநகர்ப் பக்கத்துத் தரகர் ஒருவர் இருந்தார். பரிசோதனை நெருங்கினால் ஸ்டாண்டில் வந்து வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் வாங்கிக்கொண்டுபோன குதிரை எதையும் மறுபடி ஒரு வண்டியில் பூட்டி யாரும் பார்த்ததில்லை. தை மாதத்தில் ஒருநாள் அவர் ஜப்பான்காரியின் தொடையைத் தட்டிப் பார்த்தார். பல்லைப் பார்க்கவில்லை. பல்லைப் பார்க்காமல் சதையைத் தட்டிப் பார்க்கிற ஆளுக்குக் குதிரை எதற்கென்று தனுஷ்கோடிக்குத் தெரியும்.

"மாசிக்கு மேல வாங்க, பேசுவோம்" என்று மட்டும் சொன்னார். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை என்று சுப்பம்மாள் பிறகு சொன்னாள்.

ஆணி இல்லாமல், இரும்பு இல்லாமல், காலில் நிற்கிற ஒரு பொருளைத் தேடி அவர் அலைய ஆரம்பித்தார்.

முதலில் தோல். மல்லாங்கிணற்றில் கமலைச் சால் தைக்கிறவரிடம் போனார். கிணற்றில் தண்ணீர் இறைக்கிற அந்தத் தோல் வாளியில் பழசான ஒன்றை வெட்டி, குதிரைக்கு இரண்டு பூட்சு தைத்து வாங்கினார். தோல் இளக வேண்டுமென்று மீனெண்ணெய் தடவியிருந்தது. மல்லாங்கிணற்றிலிருந்து அருப்புக்கோட்டை வரை, வழியில் இருந்த ஊர்நாய் அத்தனையும் வண்டியைத் தொடர்ந்து வந்தன. ஸ்டாண்டில் நிறுத்தியபோது மாரியம்மன் கோயில் கூட்டம் மாதிரி இருந்தது. ஜப்பான்காரி இரண்டு நாயைக் கடித்தாள். மூன்றாவது நாய், இடது பூட்சைக் கழற்றிக்கொண்டு ஓடியே போயிற்று.

அடுத்தது கட்டை. பரளச்சி ஆசாரி ஒருவர், சாமியார் போடுகிற பாதக்கட்டை மாதிரி கருவேல மரத்தில் கடைந்து கொடுத்தார். நின்றால் கம்பீரமாக இருந்தது. நடந்தால் தவில் வாசிப்பதுபோல் கேட்டது. வாழைப்பழத் தோல் கூட வேண்டியிருக்கவில்லை. பஜாரில் வெறும் கல்லிலேயே வழுக்கி, ஜப்பான்காரி நாய் உட்காருவதுபோல உட்கார்ந்துவிட்டாள். வண்டி பின்பக்கம் சாய்ந்தது. உள்ளே இருந்த திருச்சுழி தாலுகா ஆபீஸ் குமாஸ்தா, விரித்த குடையோடு நடுரோட்டில் வந்து இறங்கினார்.

"எறங்குற எடம் வந்திருச்சாக்கும்?" என்று கேட்டாராம். பாவம், அதற்கு முன்னால் கொஞ்சம் தூங்கியிருக்கிறார்.

கடைசியில் தனுஷ்கோடிக்கு டயர் ஞாபகம் வந்தது. டயர் இருக்கிற இடம் கரி பஸ் ஷெட் ஒன்றுதான். வடை வெந்ததா என்று கேட்ட வாயோடு அங்கே போய், ஒரு மூட்டை கருவேலங்கரியை இறக்கி வைத்துவிட்டுக் கிளீனரை 'தம்பி' என்று கூப்பிட்டார். தம்பி கொஞ்ச நேரம் அவரை நிற்கவைத்து, வடை எல்லாம் தீர்ந்துபோச்சே என்று சொல்லிவிட்டு, தேய்ந்துபோன டயரில் ஒரு துண்டு அறுத்துக் கொடுத்தான்.

டயர் சரியாக இருந்தது. குளம்பின் அளவுக்கு வெட்டி, ஓரத்தை மடித்து மேலே தூக்கி, வார் போட்டுக் கணுக்காலில் கட்டினார். வழுக்கவில்லை. நாய் வரவில்லை. ஆனால் திருச்சுழி போய்த் திரும்புவதற்குள் வார் உராய்ந்து, கணுக்காலில் தோல் உரிந்து ரத்தம் கட்டிவிட்டது. உள்ளே மெத்தை மாதிரி ஏதாவது வேண்டும். துணியைச் சுற்றினால் கிழிந்தது. சாக்கைச் சுற்றினால் இன்னும் புண்ணானது.

அப்போதுதான் எங்கள் அப்பாவிடம் வந்தார்.

அப்பா சென்னய்யா நெசவாளி. குழித்தறியில் சேலை நெய்கிறவர். தனுஷ்கோடிக்கும் அவருக்கும் இருந்தது நட்பா பகையா என்று எங்கள் வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது. காலையில் ஒருவரை ஒருவர் திட்டாவிட்டால் இரண்டு பேருக்கும் அன்று வேலை ஓடாது. கோபம் வந்தால் அப்பா வீட்டுப் பாஷையான தெலுங்குக்குப் போய்விடுவார். தனுஷ்கோடிக்குத் தெலுங்கில் சாப்பாடு கேட்கத் தெரியாது, வழி கேட்கத் தெரியாது. வசவு மட்டும் ஒன்று விடாமல் தெரியும்.

"செட்டியாரே, இதுக்குக் கெட்டியா ஒரு பட்டை நெய்து குடும். கட்டில் நாடா மாதிரி. ஆனா மெத்துனு இருக்கணும்."

"குதிரைக்கு நெய்யிறதுக்கா எங்கப்பன் என்னையத் தறிக்குழில எறக்கிவிட்டாரு?"

"மனுசனுக்கு நெய்த லட்சணந்தான் ரெண்டு வெளுப்புல தெரிஞ்சுபோகுதே. குதிரைக்கு நெய்து பாரும். அது வீட்டு வாசல்ல வந்து நின்னு குறை சொல்லாது."

அப்பா அவரை வெளியே போகச் சொன்னார். தனுஷ்கோடி போகவில்லை. திண்டாட்டத்தைச் சொன்னார், தரகர் தொடையைத் தட்டியதைச் சொன்னார். சொல்லும்போது சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அப்பா டயர்த் துண்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

நூலுக்குக் கண்ட்ரோல் வந்திருந்த சமயம். தறிக்கு இவ்வளவு என்று அளந்து கொடுப்பார்கள். அப்பா முதலில் கழிவு நூலில் நெய்து பார்த்தார். ஒரு நாளில் பிய்ந்தது. பிறகு யாருக்கும் சொல்லாமல் சேலைக்கு வைத்திருந்த நல்ல நூலிலிருந்து எடுத்து, இழையை மும்மடங்காக முறுக்கி, விரலளவு தடிமனில் பட்டை நெய்தார். காலுக்கு இரண்டு: குளம்புக்கு மேல் சுற்ற ஒன்று, உள்ளே வைக்க ஒன்று. எவ்வளவு நூல் எடுத்தார் என்பது அம்மாவுக்குத் தெரியும். அதை இன்றுவரை சொல்லிக்காட்டுகிறாள்.

பட்டையும் டயரும் சேர்ந்து வேலை செய்தன. திருச்சுழி ரோட்டில் போனார், வந்தார், மறுபடி போனார். புண் ஆறியது. ஜப்பான்காரி தலையை ஆட்டாமல் ஓடினாள். அதன்பிறகு தனுஷ்கோடியின் தொல்லை தாங்க முடியவில்லை. கேட்டவன், கேட்காதவன் எல்லோருக்கும் குதிரையின் காலைத் தூக்கிக் காட்டினார். ராவுத்தரிடம் போய், "உம்ம உலைய அமத்திட்டுச் செருப்புக் கட வையும்" என்றார்.

பரிசோதனை நாள் வந்தது.

எங்கள் தெருவைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நெசவாளர் தெருவில் விடிந்ததும் பாவு நீட்டுவார்கள். தறியில் ஏற்ற வேண்டிய நூல் அத்தனையையும் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, பிரஷ் போட்டு ஆற்றுவது. நாலு வீட்டுப் பாவு ஒரே நேரத்தில் கிடக்கும். தெருவை அடைத்துக்கொண்டுதான் கிடக்கும். அதற்காக வண்டிகள் வராமல் இருப்பதில்லை. பஜாருக்கும் போர்டு ஆபீஸுக்கும் அதுதான் குறுக்கு வழி. சந்து முனையில் பதித்திருக்கிற கல்லில் லாடம் 'டக் டக்' என்று விழும். அந்தச் சத்தம் கேட்டதும், குனிந்த தலையை நிமிர்த்தாமலே, இந்தக் கோடியில் ஒருவர் அந்தக் கோடியில் ஒருவர் கயிற்றைத் தளர்த்திப் பாவைச் சுவரோரம் ஒதுக்குவார்கள். வண்டி போனதும் மறுபடி இழுப்பார்கள். எங்கள் தெருவில் யாரும் வண்டியைக் கண்ணால் பார்த்து ஒதுங்கியதில்லை. வண்டிக்காரர்களும் சந்தில் திரும்பும்போது வேகத்தைக் குறைத்ததில்லை. மற்ற குதிரைகள் கழுத்தில் மணியும் கட்டியிருக்கும். ஜப்பான்காரிக்கு மணி கட்டினால், அதைக் கடிக்கத் திரும்பி நின்ற இடத்திலேயே வட்டமடிப்பாள், கட்டுவதில்லை.

டயர் போட்ட குதிரை சத்தம் போடாது; சக்கரத்தின் கடகடப்பு தறிச்சத்தத்தில் அமுங்கிவிடும். பின்னால் யோசித்தால் எவ்வளவு சின்ன விஷயம். டயரை வெட்டியவருக்குத் தோன்றவில்லை. பட்டை நெய்த அப்பாவுக்கும் தோன்றவில்லை. அவர் அன்று காலை சந்து முனைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, புதுப் பாவுக்குப் பிரஷ் போட்டுக்கொண்டிருந்தார். நான் மதுரையில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தவன், மாசிப் பச்சைக்குக் குலதெய்வம் கும்பிட லீவில் வந்து, மறுகோடியில் கயிற்றைப் பிடித்திருந்தேன். எனக்கும் கேட்கவில்லை.

தனுஷ்கோடி வெளுத்த சட்டை போட்டிருந்தார். இன்ஸ்பெக்டரிடம் வாயைத் திறந்து காரியத்தைக் கெடுத்துவிடக் கூடாதே என்று சுப்பம்மாளும் கூடவே வண்டியில் ஏறியிருந்தாள். அவளோடு சண்டை போட்டுக்கொண்டு, முகத்தைப் பின்பக்கம் திருப்பிக்கொண்டு சந்தில் திரும்பினார்.

அவ்வளவுதான். ஜப்பான்காரி பாவுக்குள் நெஞ்சுவரை நுழைந்துவிட்டாள். என் கையில் இருந்த கயிறு பறந்தது. பாவைத் தாங்கிய குச்சிகள் சரிந்து, இழைகள் அவள் முன்னங்காலில், டயரின் மடிப்பில், வண்டி ஏர்க்காலில், சக்கரத்து அச்சில் எல்லாம் சுற்றிக்கொண்டன. அப்பா பிரஷ்ஷும் கையுமாகத் திரும்பினார். ஜப்பான்காரி தலையைக் குனிந்து, பாவில் தடவியிருந்த கஞ்சியை நக்க ஆரம்பித்தாள். அரிசிக்கு அல்லாடிய காலம். மனுஷனுக்கு இல்லாத கஞ்சி.

அப்பா தெலுங்குக்குப் போனார். தனுஷ்கோடி ஒவ்வொன்றுக்கும் "ஆமா செட்டியாரே, ஆமா" என்று தலையாட்டினார். திட்டித் தீர்ந்ததும் அப்பா பாவின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். அது இன்னும் மோசமாக இருந்தது.

பாவு முழுதும் நாசமாகவில்லை. இழைகள் அறுந்தது கொஞ்சம்தான், சிக்கிக்கொண்டதுதான் அதிகம். குதிரை அசையாமல் நின்றால், பெண்கள் உட்கார்ந்து இழை இழையாகப் பிரித்து எடுத்துவிடலாம். எங்கள் பெண்களுக்கு அது கைவந்த வேலை. ஆனால் நேரமாகும். வெட்டிவிட்டால் உடனே போகலாம். வெட்டினால் அந்தப் பாவு இல்லை. அடுத்த நூல் எப்போது அளப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது.

தனுஷ்கோடி இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தார். வார் அறுக்கிற கத்தி. சூரியனைப் பார்த்தார்.

அதற்குள் போர்டு ஆபீஸ் சேவகர் தேடிக்கொண்டு வந்துவிட்டார்.

"ஏலே தனுஷ்கோடி, பேரு கூப்புட்டாச்சு. வாரியா இல்லையா?"

"குதிர கட்டிக் கெடக்கு, பாத்தீரா? இன்ஸ்பெக்டர இங்கிட்டு வரச் சொல்லும்."

"அவுக எப்பிடி வருவாக? எல்லா வண்டியும் அங்க நிக்கி. கடைசியாக் கூப்புடச் சொல்றேன். அதுக்குள்ள வா. இல்லேன்னா இந்த வருசம் இல்ல."

அப்பா தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "அறுலே. அறுத்துட்டுப் போய்த் தொலை."

தனுஷ்கோடி குனிந்தார். கத்தி இழைக்குப் பக்கத்தில் போயிற்று. ஒரு இழையை விரலால் தூக்கி, திரும்ப விட்டார். நிமிர்ந்து, கத்தியைச் சுப்பம்மாளிடம் நீட்டினார்.

"இத நீ வச்சுக்க. என் கையில இருந்தா அறுத்துருவேன்."

"அப்ப லைசென்சு?"

"வச்சுக்கன்னா வச்சுக்க." பிறகு அப்பாவிடம், "செட்டியாரே, பொம்பளைகளக் கூப்புடும். நான் இது தலையப் பிடிச்சுக்கிறேன். யாரும் பின்னால நிக்க வேணாம், ஒதைக்கும். முன்னாலயும் நிக்க வேணாம்."

எங்கள் தெருப் பெண்கள் அத்தனை பேரும் வந்து குதிரையின் காலடியில் உட்கார்ந்தார்கள். அம்மா சக்கரத்துப் பக்கம், சித்தி சௌடேஸ்வரி இடது காலில். ஜப்பான்காரி காதை மடக்கினாள். கடிப்பதற்கு முன் அவள் தரும் ஒரே அறிவிப்பு அது. தனுஷ்கோடி தன் மீதிக் காதை அவள் வாய்க்கு நேராக வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். உச்சிப்பொழுது வரை பேச்சை நிறுத்தவில்லை. ஊரில் உள்ள ஒவ்வொருவரைப் பற்றியும் குதிரையிடம் சொன்னார். எந்தக் கடையில் எடைக்கல்லில் மெழுகு, எந்தப் பெரிய மனிதர் பெண்டாட்டிக்குப் பயந்து அவர் வண்டியில் படுத்துத் தூங்குகிறார், எல்லாம். இழை பிரிக்கிற பெண்கள் சிரித்துச் சிரித்துக் கை தடுமாறினார்கள். சொல்ல ஆள் தீர்ந்ததும் மாமனார் வீட்டுக் கதைக்குப் போனார்.

"கேட்டுக்க ஜப்பான்காரி. எங்க மாமனாரு சீதனமா ஒரு கன்னுக்குட்டி தாரேன்னாரு. இன்னிக்கு வரைக்கும் அவுக வீட்டுப் பசு சினைக்கு நிக்கல."

"அதுக்குப் பதிலாத்தான் என்னயத் தந்தாகள்ல" என்றாள் சுப்பம்மாள்.

"ஆமா. அதுவும் கடிக்குது."

கடைசி இழை பிரிந்தபோது அப்பா பாவைத் தடவிப் பார்த்தார். இரண்டு இடத்தில் முடிச்சுப் போட்டால் போதும். தனுஷ்கோடியிடம் அவர் நன்றி சொல்லவில்லை. "கஞ்சிக்கு யாரு பதில் சொல்றது?" என்று கேட்டார்.

போர்டு ஆபீஸில் பெயரை அடித்துவிட்டார்கள். இன்ஸ்பெக்டர் மீது குற்றமில்லை; வராத குதிரையை அவர் எப்படி நடத்திப் பார்ப்பார்? தனுஷ்கோடி குதிரையை அவிழ்த்து, கையில் பிடித்துக்கொண்டு ஸ்டாண்டு வழியாக வீட்டுக்குப் போனார். தரகர் அங்கேதான் இருந்தார்.

"என்ன தனுஷ்கோடி, நாளைக்கு வரட்டா?"

தனுஷ்கோடி தரகருக்கும் குதிரைக்கும் நடுவே புகுந்து நடையைக் கட்டினார்.

வீட்டில் நடந்ததைச் சுப்பம்மாள் எங்கள் அம்மாவிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள். அடுப்பில் சோளக்கஞ்சி கொதித்துக்கொண்டிருந்ததாம். அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாராம்.

"லைசென்சு எதுவரைக்கும்?" என்று இவள் கேட்டிருக்கிறாள்.

"எதுவரைக்கும்னா? போர்டு எல்ல வரைக்கும்."

"எல்லக் கல்லுக்கு அங்கிட்டு?"

"அங்கிட்டு காடு."

"காட்டுல போற குதிரைக்கு எவன் லைசென்சு கேப்பான்? ஏறுறவுக கல்லு வரைக்கும் நடந்து வரட்டும். காலு இருக்குல்ல அவுகளுக்கு?"

மறுநாள் தரகர் வந்தபோது வீடு பூட்டிக் கிடந்தது. தனுஷ்கோடி திருச்சுழி ரோட்டில், எல்லைக் கல்லைத் தாண்டிக் கையளவு தூரத்தில், ஒரு வேம்புக்கடியில் வண்டியை நிறுத்தியிருந்தார். சக்கரம் எல்லைக்கு உள்ளே வந்துவிடாமல் ஒரு கல்லை வேறு முட்டுக் கொடுத்திருந்தார். முதல் ஆளாக ஜவுளி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து போனவர் எங்கள் அப்பா.

"பாதித் தூரம் நடக்கணும். மீதித் தூரம் ஒன் பேச்சக் கேக்கணும். இதுக்கு நான் கரி பஸ்லயே போயிருப்பேன்."

"போக வேண்டியதுதான. ரெண்டு வடை எனக்கும் வாங்கிட்டு வாரும்."

அப்பா ஏறினார். பின்னாலேயே எங்கள் தெரு ஏறியது. பஸ் பாதிநாள் மேட்டில் நின்றதால் மற்றவர்களும் ஏறினார்கள். தரகர் இன்னும் இரண்டுமுறை வந்து, வேம்புக்கடியில் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, பிறகு வரவில்லை.

இரும்பு கிடைக்காத மற்ற ஜட்காக்காரர்களும் ஒவ்வொருவராக டயருக்கு வந்தார்கள். எங்கள் தெருப் பெரியவர்கள் கூடி, டயர் போட்ட குதிரையைத் தெருவுக்குள் ஓட்டுகிறவன் வாய்விட்டுப் பாடிக்கொண்டுதான் வர வேண்டும் என்று தீர்மானம் செய்தார்கள். சண்டை முடிகிறவரை, விடிந்ததும் விடியாததுமாக, ஊரிலேயே மோசமான குரல்களை எங்கள் தெரு கேட்டது. யுத்தத்தில் நாங்கள் பட்ட கஷ்டங்களில் அதுவும் ஒன்று.

சுதந்திரம் வந்த வருஷம் இரும்பும் திரும்ப வந்தது. ஜட்காக்காரர்கள் டயரைக் கழற்றிவிட்டு லாடத்துக்குப் போனார்கள். ராவுத்தருக்கு மூச்சுவிட நேரமில்லை. ஒருநாள் அவரே நடந்து வேம்புக்கடிக்கு வந்து, ஜப்பான்காரியின் முன்னங்காலைத் தூக்கி, பட்டையை அவிழ்த்துப் பார்த்தார். வெடிப்பு எப்போதோ வளர்ந்து கீழே இறங்கிப் போயிருந்தது. குளம்பு புதுப்பானை மாதிரி வழவழவென்று இருந்தது. விரலால் தட்டினார். கணீரென்றது.

"அல்லா காப்பாத்திட்டான். இனிமே ஆணி கிண்ணுனு நிக்கும். பொட்டியில புது லாடம் கொண்டாந்திருக்கேன். போர்டுலயும் இப்ப வேற இன்ஸ்பெக்டர். நல்ல மனுசன். இன்னிக்கு அடிச்சா நாளைக்கு லைசென்சு. திரும்பவும் பஜார்ல நிக்கலாம் நீ."

தனுஷ்கோடி குனிந்து குளம்பைப் பார்த்தார். ராவுத்தர் பெட்டியிலிருந்து ஆணிகளை எடுத்து வாயில் கவ்விக்கொண்டார். சுத்தியலை எடுத்தார்.

"ராவுத்தரே, காலு நல்லாத்தான இருக்கு?"

"ம்" என்றார் ராவுத்தர், ஆணிகளுக்கு நடுவே.

"நல்லாருக்குற காலுல எதுக்கு ஆணி அடிக்கணும்?"

ராவுத்தர் ஆணிகளைத் துப்பினார். "லைசென்சுக்கு!"

"லைசென்சு எனக்கு. ஆணி மட்டும் அதுக்கா?" சொல்லிக்கொண்டே தனுஷ்கோடி குதிரையின் காலை அவர் மடியிலிருந்து மெதுவாக இறக்கிவிட்டு, தன் காலைத் தூக்கி அங்கே வைத்தார். "அடியும்."

ராவுத்தர் அந்தக் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கரிசல் அப்பி, குதிகால் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது.

"கழுவிட்டு வா, பாக்கலாம்" என்று தள்ளிவிட்டார்.

பட்டையைச் சுற்றி, டயரை மாட்டி, வாரை இழுத்துக் கட்டினார் தனுஷ்கோடி. அதற்குள் திருச்சுழிக்கு ஆள் சேர்ந்துவிட்டது. தாலுகா கச்சேரிக்குப் போகிற இரண்டு பேர், ஒரு கர்ப்பிணிப் பெண், அவள் தாயார். திருச்சுழியில் தனக்கும் ஒரு வேலை இருப்பதாகச் சொல்லி ராவுத்தர் பெட்டியோடு ஏறி முன்பக்கம் உட்கார்ந்துகொண்டார். காலைக் கழுவாத ஒரு மனிதனைப் பற்றி அவர் வண்டியில் இருந்தவர்களிடம் சொல்ல ஆரம்பித்தபோது, வண்டி குளம்புச் சத்தமே இல்லாமல் கப்பி ரோட்டில் ஏறியது.